கற்பூரம் மணத்த கத்தி

நீங்க போங்க தம்பி, நீங்க முன்னால போங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. இப்பம் உள்ள போனாங்கள்ல, பச்சச் சேல கட்டின அம்மா, அவங்களுக்கும் நான்தான் வழி விட்டேன். அதுக்கு முந்தி ஒரு வாத்தியார் வந்தாரு, அவருக்கும் விட்டேன். உள்ள கண்ணு பாக்கவன் சாவகாசமாத்தான் பாப்பான். எழுத்தக் காட்டி வாசிங்கம்பான். வாசிச்சா, இன்னொரு கண்ணாடியச் சொருகி இப்பம் வாசிங்கம்பான். நாம என்ன பரீட்சை எழுதவா வந்திருக்கோம்?

ஆமா, அவன் இவன்னுதான் சொல்லுவேன். எனக்கு உரிமை இருக்கு. வெளிய தளவாய் ஆப்டிகல்ஸ்னு போர்டு பாத்தீங்கள்லா, அந்தத் தளவாய் என் சகலை. என் வீட்டுக்காரி செண்பகத்துக்கு நேர் இளையவளக் கட்டினவன். எனக்கும் அவனுக்கும் இப்பம் பேச்சுவார்த்தை கெடையாது. எங்க மச்சினன் கோமதிநாயகம் கல்யாணத்தோட நின்னுபோச்சு.

பேச்சே இல்லாத வீட்டுல, அதாவது கடையில, எதுக்கு வந்து உக்காந்திருக்கேன்னு பாக்கீங்களா? கண்ணாடிக் கால் ஆடுது. ஒரு ஸ்க்ரூ முடுக்கணும். அவ்வளவுதான். கடையநல்லூர்ல ஸ்க்ரூ முடுக்க ஆள் இல்லையான்னு கேட்டா, இருக்கான். ஆனா தென்காசிக் காத்து நல்லாருக்கும்லா? மடியில இருக்க பை சும்மா. அது கெடக்கட்டும்.

உங்க கன்னத்தப் பாத்தா நீங்க மிஷின்ல இழுக்க ஆளு மாதிரி தெரியுது. மடக்குச் சவரக்கத்தி பாத்திருக்கீங்களா? சலூன்ல இப்பம் பாதி பிளேட ஒடிச்சுச் சொருகுதானே, அது இல்ல. கத்தியே முழு இரும்பு. மடக்கினா ரெண்டு பட்டைக்கு நடுவுல போய்ப் படுத்துக்கிடும். அந்தப் பட்டைதான் பிடி. அப்படிக் கத்தி ரெண்டு எங்க மாமனார் கொழும்புல கடையில இருந்தப்போ வாங்கிட்டு வந்தாரு. ஜோடி. ஒரே பெட்டிக்குள்ள தலமாட்டும் கால்மாட்டுமா கெடக்கும். பிடி நல்ல தேன் கலரு. வெயில்ல காட்டுனா அந்தப் பக்கம் இருக்க விரல் தெரியும். ஆமை ஓட்டுல செஞ்சதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேன்.

எனக்குப் பொண்ணக் கொடுக்கப்போ ஒரு கத்தியக் கொடுத்தாரு. சந்தோசம். தளவாய்க்குப் பொண்ணக் கொடுக்கப்போ இன்னொண்ண அவனுக்குக் கொடுத்துட்டாரு. நீங்களே சொல்லுங்க, ஜோடியப் பிரிக்கலாமா? ரெண்டையும் மூத்த மருமகன்ட்ட கொடுத்தா கொறஞ்சா போயிரும்? பெரிய மனுசன், நான் ஒண்ணும் கேக்கல. மனசுல மட்டும் வச்சிக்கிட்டேன். நான் எதையும் வெளிய சொல்ல மாட்டேன், அது என் சுபாவம்.

எதுக்குக் கத்தின்னா, எங்க வீட்டு வகையில ஒரு வழக்கம். கல்யாணத்தன்னைக்குக் காலையில மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ணுவோம். சலூன்காரர் வந்திருப்பாரு, ஆனா அவரு உடனே கைய வைக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு அத்தான் மொற உள்ளவன், அதுலயும் மூத்தவன், வலது கன்னத்துல முதல் கோடு போடணும். காதுக்குக் கீழ ஆரம்பிச்சு ஒரு இழுப்பு. அம்புட்டுத்தான். மிச்சத்தச் சலூன்காரர் பாத்துக்கிடுவாரு. கேக்கதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரித்தான் இருக்கும். ஆனா அந்த ஒரு கோட்டுக்கு எங்கள்ல இருக்க மதிப்பு இருக்கே, பந்தியில முதல் எலை எல்லாம் அதுக்குப் பெறகுதான்.

கோமதி எங்க மாமனாருக்கு ஒத்த ஆம்பளப் பிள்ள. அவனுக்குக் கோடு போட வேண்டியது நான். அதுக்காகவே கத்திய வருசக்கணக்கா பீரோவுல பத்திரமா வச்சிருந்தேன். கல்யாணம் பேசி முடிச்சதும் எடுத்துப் பாத்தா, தம்பி, பிடி வேர்த்திருக்கு. நெசமாச் சொல்லுதேன். பொடிப் பொடியா வேர்வை. மோந்து பாத்தா கம்முனு கற்பூர வாசம். மாமனார் காலமாகி அவரு படத்துக்கு மால போட்டிருக்கோம், மகனுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு, கத்தி கற்பூரம் மணக்குது. வேற என்ன வேணும்? எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. செண்பகத்தக் கூப்பிட்டுக் கையில கொடுத்தேன். அவ மோந்து பாத்துட்டு, "பீரோவுல பூச்சி உருண்ட போட்டிருந்தேன், அந்த வாசமா இருக்கும்"னா. அவளுக்கு எதுலயும் நம்பிக்க கெடையாது.

அந்த வாரம் பாத்து தளவாய் வீட்டுக்கு வந்தான். காட்டுனேன். என்ட்ட இருக்கது எவ்வளவு விசேசம்னு அவனுக்குத் தெரியட்டும்னுதான் காட்டுனேன். அவன் கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி விட்டுட்டு, பிடியத் திருப்பித் திருப்பிப் பாக்கான். பாத்துட்டுச் சொல்லுதான்:

"அண்ணாச்சி, இது ஆமை ஓடு இல்ல. செல்லுலாய்டு. அந்தக் காலத்துக் கண்ணாடி பிரேமெல்லாம் இதுலதான் வரும். இதச் செய்யும்போதே கற்பூரம் சேத்துத்தான் செய்வாங்க. வயசானா அழுக ஆரம்பிச்சிரும். ஒரு மாதிரி ஆசிட் ஆவி வரும். மூடி வச்சீங்கன்னா கத்தியையும் தின்னுரும், பக்கத்துல இருக்க சாமானையும் தின்னுரும். பிடியக் கழட்டித் தூரப் போட்டுட்டு வேற மாட்டிருவோம். நான் என் கத்திக்கு அப்படித்தான் செஞ்சேன். நெருப்புப் பக்கம் மட்டும் கொண்டு போயிராதீங்க."

எப்படி இருக்கு கதை? கற்பூரம் சாமிக்குக் காட்டுவாங்க, கத்திப் பிடிக்குள்ள யாராவது போடுவாங்களா? பிளாஸ்டிக் அழுகுமாம். வாழப்பழமா அது? எனக்குப் பட்டுனு புரிஞ்சுபோச்சு. மாமனார் கொடுத்த பிடிய இவன் கழட்டி எறிஞ்சிருக்கான். இப்பம் என்னுதும் இல்லாமப் போனா கணக்குச் சரியாப் போகும்லா? நான் கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவன் தம்பி. எந்தக் கம்பியில கரண்ட் வருதுன்னு தொடாமலே சொல்லுவேன். மனுசன் மனசுல என்ன ஓடுதுன்னு தெரியாதா? "சரி தளவாய், பாப்போம்"னு சிரிச்சிக்கிட்டே சொல்லி அனுப்பிட்டேன்.

அவன் என்ன செய்யாதீங்கன்னானோ அதச் செஞ்சேன். காத்துப் புகாத டப்பா ஒண்ணு வாங்குனேன், சுத்தி ரப்பர் வச்சு, நாலு பக்கமும் கிளிப் போட்டு. கத்திக்கு விபூதி பூசி, குங்குமம் வச்சு, அந்த டப்பாவுல வச்சு, டப்பாவப் பூஜை அலமாரியில வச்சேன். தனியா இருக்க வேண்டாம்னு வெள்ளிக் குங்குமச் சிமிழு, பித்தள மணி, செண்பகம் தாய்மாமன் கொடுத்த சின்ன வேல், எல்லாத்தையும் கூடவே வச்சு டப்புனு மூடுனேன்.

கல்யாணத்துக்கு மொத வாரம் தொறந்தா, ஐயோ, மணி பச்சப் பசேல்னு இருக்கு. சிமிழு கறுத்துக் கெடக்கு. வேல் முனை உதிருது. டப்பாவுக்குள்ள இருந்து ஒரு காட்டம் வந்து மூக்குல ஏறிச்சு பாருங்க, கண்ணுல தண்ணி கொட்டுது. கத்தியில வேற அம்மத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா துரு. பிடி கோணிப்போய், கீறல் கீறலா வெடிச்சு, தொட்டா பொடிப் பொடியா வருது. செண்பகத்தப் பிடிச்சு ஏறு ஏறுன்னு ஏறுனேன். பின்ன? புளி போட்டு வெளக்குவா, சரியாக் கழுவ மாட்டா. புளி இருந்தா பச்ச பூக்கத்தான செய்யும்? அவ சொல்லுதா, "நான் அந்த டப்பாவத் தொடவே இல்ல, கிளிப்பே எனக்குத் தொறக்க வராது"ன்னு. எதுத்துப் பேசத்தான் தெரியும். "தளவாய் சொன்னாருல்லா"ன்னு வேற ஒரு வார்த்தைய இழுத்தா. அந்தப் பேரச் சொல்லாதன்னு அடக்கிட்டேன்.

பிடி உதிர்ந்தா என்ன, மஞ்சக் கயித்தால நெருக்கிச் சுத்திக் கட்டுனேன். நல்லாத்தான் இருந்துச்சு. பழைய ஆயுதம்னா அப்படித்தான இருக்கும்.

கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துக்குப் பின்பக்கம், வேப்பமரத்துக்குக் கீழ நாற்காலி போட்டுக் கோமதிய உக்கார வச்சாச்சு. வலது கன்னத்துல நொர போட்டாச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வேடிக்க பாக்க வந்து நிக்காங்க. மாமியார் முன்னால நிக்காங்க. நான் பட்டு வேட்டி, துண்டு. தாம்பாளத்துல கத்தி. முன்னெல்லாம் நேரா எடுத்துக் கோடு போட்டுருவாங்க. எனக்குத்தான் ஒரு எண்ணம். இவ்வளவு சக்தியுள்ள கத்திக்கு ஒரு ஆரத்தி காட்டாமத் தொட்டா நல்லாவா இருக்கும்? கற்பூரத்த ஏத்தி, சுத்திக் காட்டி, மூணாவது சுத்துக்குக் கொஞ்சம் பக்கத்துல கொண்டு போனேன்.

புஸ்ஸுனு ஒரு சத்தம். என் ஒசரத்துக்கு ஒரு ஜுவால. மத்தாப்புக் கொளுத்துன மாதிரி. நான் தாம்பாளத்தோட பின்னால துள்ளுதேன், சலூன்காரர் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. கோமதிதான் நொரக் கன்னத்தோட எந்திரிச்சு, சவரத் தண்ணிக் கிண்ணத்த எடுத்து என் மேல, அதாவது தாம்பாளத்து மேல, ஊத்துனான். பாத்தா, பிடி இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. சாம்பல் கூடக் காணும். வெறும் கத்தி கறுப்பாக் கெடக்கு.

பொண்ணு வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கேக்காரு, "இது உங்க வழக்கமா?"ன்னு. எங்க மாமியார் கண்ணக் கூட சிமிட்டல. "ஆமா, நெருப்புல காட்டித்தான் எடுப்போம்"னுட்டாங்க. அவங்க பக்கம் ஒரு அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அதோட முடிஞ்சிருந்தா எனக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி.

இந்தத் தளவாய் என்ன செஞ்சான் தெரியுமா? கூட்டத்துல இருந்து முன்னால வந்தான். சட்டப்பைக்குள்ள கைய விட்டு அவன் கத்திய எடுத்தான். புதுப் பிடி, தேன் கலரு, பழசு மாதிரியே செஞ்சிருக்கான். விரிச்சு, துண்டுல தொடச்சு, பிடி என் பக்கம் இருக்க மாதிரி நீட்டுதான். "அண்ணாச்சி, கோட்டப் போடுங்க"ங்கான்.

எவ்வளவு கொழுப்பு இருக்கணும்! நான் கேக்கேன், அவன் எதுக்குக் கத்திய எடுத்துட்டு வந்தான்? என்னுது எரியும்னு அவனுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சவன் சொல்ல வேண்டாமா? சொன்னான், சொன்னான், இல்லன்னு சொல்லல. ஆனா சொல்லுதவன் நம்புத மாதிரி சொல்லணும்லா? அத்தன பேரு முன்னால அவன் கத்திய வாங்கி நான் கோடு போடணுமாம். நான் தாம்பாளத்த அப்படியே வச்சிட்டு, யாரையும் பாக்காமப் பந்திக்குப் போயிட்டேன். அந்தக் கோவத்துல என்ன சாப்பிட்டேன்னே தெரியல. கேசரி மட்டும் நல்லாருந்துச்சு.

முதல் கோடு யாரும் போடல. சலூன்காரரே முழுசும் செஞ்சு விட்டாரு. மாமியார் தளவாயக் கெஞ்சியிருக்காங்க, "நீயாவது போடுப்பா"ன்னு. அதுக்கு அவன், "மூத்தவர் போடாதத நான் போட மாட்டேன்"னு கத்திய மடக்கிப் பையில போட்டுக்கிட்டானாம். செண்பகம் வந்து சொல்லுதா. பாத்தீங்களா சாமர்த்தியத்த? நல்ல பேரு வாங்குதது எப்படின்னு இவன்ட்ட படிக்கணும். அதுல இருந்து அவன் வீட்டுப் படி நான் மிதிக்கல. அவன் வந்தான், தீவாளிக்கு ஒரு தடவ, பொங்கலுக்கு ஒரு தடவ. நான் மாடியில தூங்குத மாதிரி படுத்துக்கிட்டேன். மாடியில ஃபேன் வேற கெடையாது. வேர்த்து ஊத்துது. அந்தக் கஷ்டமெல்லாம் அவனுக்கு எங்க தெரியப் போகுது?

அந்த அம்மா இன்னும் வரல பாருங்க. எழுத்தே தெரியாதோ என்னவோ.

பையத் தொட்டுத் தொட்டுப் பாக்கேனா? நீங்க கவனிச்சுட்டீங்க. சரி, சொல்லிருதேன், நீங்க யாரோ எவரோ. இதுக்குள்ள அந்தக் கத்திதான். பிடி இல்லாத கத்தி. செண்பகம் தேங்காயெண்ணெயில ஊற வச்சு, சாம்பல் போட்டுத் தேச்சுத் தேச்சு அந்த மட்டுக்குக் கொண்டு வந்திருக்கா. கூட வெத்தல, பாக்கு, விரலி மஞ்சள்.

எம் மகன் பரணிக்குக் கல்யாணம். தைக்குத் தேதி வச்சாச்சு. எனக்குப் பொம்பளப் பிள்ள கெடையாது, அப்போ அவனுக்கு அத்தான்னு ஆளு இல்ல. அப்படி இருந்தா சித்தப்பன்தான் கோடு போடணும். சித்தப்பன்னா யாரு? உள்ள உக்காந்து எழுத்து காட்டுதானே, அவன்தான். நான் பரணிட்ட நயமாச் சொல்லிப் பாத்தேன், கோடெல்லாம் இப்பம் யாருப்பா போடுதான்னு. அவன் ஒத்தக் கால்ல நிக்கான். "சித்தப்பா கையால, தாத்தா கத்தியால. இல்லன்னா தாடியோட வந்து தாலி கட்டுவேன்"ங்கான். தாடி இப்பமே நெஞ்சு வரைக்கும் வந்துட்டுது. செண்பகம் என்கூடப் பேசியே நாளாச்சு. சோறு போடுதா, கொழம்பு ஊத்துதா, மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா.

கோடு போடக் கூப்பிடணும்னா, வெத்தல மேல கத்திய வச்சு ரெண்டு கையாலயும் கொடுக்கணும். கத்தி இல்லாம வெத்தல மட்டும் கொடுத்தா அது வெறும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுதது. அந்தக் கத்திக்கோ பிடி இல்ல. பிடி மாட்டத் தெரிஞ்சவனும் அவன்தான். எரிச்ச கத்திய எரிச்சவனே தூக்கிட்டுப் போயி, பிடியும் போட்டுக் கொடு, வந்து கோடும் போடுன்னு கேக்கணும். அவன் முடியாதுன்னுட்டா? அன்னைக்கு நான் போனேன்லா, அதே மாதிரி மூஞ்சியத் திருப்பிட்டு உள்ள போயிட்டா? எம் பிள்ள மணவறையில தாடியோட உக்காருவான். எனக்குப் பயமாத்தான் இருக்கு தம்பி. கண்ணாடி ஸ்க்ரூவ நானேதான் கழட்டுனேன். உள்ள வாரதுக்கு ஒரு காரணம் வேணும்லா.

அந்த அம்மா வந்தாச்சு. நீங்க போங்க. அட, போங்க தம்பி, கூப்பிடுதான்ல. உங்கள இல்லயா? என்னையா?

ஆங், தளவாய். சும்மாதான் வந்தேன். ஸ்க்ரூ. இந்தக் கால் ஆடுது, பாரு. இந்தா. இது பையில... இது வந்து... நீ பிரிக்காத, நான்தான் கொடுக்கணும், ரெண்டு கையால கொடுக்கணும். இரு, வெத்தலய விரிக்கேன். பரணிக்குத் தையில வச்சிருக்கு. நீதான். வேற யாரு இருக்கா? பிடிதான் இல்ல. உனக்கே தெரியுமே.

வாங்கிட்டான் தம்பி. எங்க போறான்? ட்ராயர் தொறக்கான். ஒரு பொட்டலத்த எடுக்கான். பாருங்க, பாருங்க, தேன் கலருல ரெண்டு பட்ட. என்ன தளவாய்? அன்னைக்கே ரெண்டு ஜோடி வெட்டுனியா? ஜோடிக் கத்திக்கு ஜோடிப் பிடியா? அப்போ இம்புட்டு நாளும் இந்த ட்ராயருக்குள்ளயா கெடந்துச்சு? தீவாளிக்குக் கொண்டு வந்தது இதத்தானா? பொங்கலுக்கும் இதா? சொல்லியிருக்கலாம்லா. மாடியில தூங்குனேன், ஆமா, தூங்குனேன். எழுப்பியிருக்கலாம்லா.

ஆணியச் சொருகி அடிக்கான், கேக்குதா? கண்ணாடி பிரேமுக்கு அடிக்க சுத்திதான். சின்னது. கலரு கொஞ்சம் வெளிறிப் போயிருக்கு, பரவாயில்ல. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் பொருந்துது.

என்ன? இப்பமா? இங்கயா? கேட்டீங்களா தம்பி, மூத்தவர் போட்ட பெறகுதான் அவன் போடுவானாம். கோமதிக்குப் போடாத கோட்ட நான் இப்பம் தளவாய் கன்னத்துல போடணுமாம். அப்பத்தான் பரணிக்கு அவன் போடுவானாம். கடைக்குள்ளயா தளவாய், ஆளுங்க இருக்காங்கப்பா. எலே, நீ என்ன கண்ணாடி தொடைக்க சோப்புத் தண்ணிய எடுத்துக் கன்னத்துல அடிக்க! நல்ல ஆளு. நாற்காலியில உக்காந்துட்டான், கண்ணையும் மூடிக்கிட்டான். எம்மேல கோவம் இல்லாமயா இப்படிக் கழுத்த நீட்டிட்டு இருக்கான்? இவனப் புரிஞ்சுக்கவே முடியாது.

தம்பி, நீங்க போயிராதீங்க, செண்பகத்துட்டச் சொல்ல ஒரு சாட்சி வேணும். எங்க என் கண்ணாடி? ஸ்க்ரூ முடுக்கியாச்சா? அந்த மேசையில இருந்து எடுத்துக் கொடுங்க தம்பி. காதுக்குக் கீழ இருந்து, ஒரே இழுப்பு. ஆடாத தளவாய். நான் ஆடல. என் கை ஆடல தம்பி, பிடி புதுசுலா, அதான் கத்தி கொஞ்சம் நடுங்குது.